இடம் மாறிய ஆயில்

பழைய புல்லட்டில் ஆயில் தங்க வேண்டிய இடம் வேறு, வந்துபோக வேண்டிய இடம் வேறு. தங்க வேண்டியது கிராங்க் கேஸின் பின்பாதியில், அதே வார்ப்புக்குள் அடங்கிய டாங்கியில். வந்துபோக வேண்டியது ஃபிளைவீல்கள் சுற்றும் முன்பாதியில். ஒரு பம்ப் டாங்கியிலிருந்து ஆயிலை எடுத்து பிக் எண்டுக்குக் கொடுக்கிறது. அங்கே வேலை முடிந்து கீழே வடிந்ததை இன்னொரு பம்ப் உறிஞ்சி, போகிற வழியில் ராக்கர்களுக்கும் கொஞ்சம் விட்டுவிட்டு, டாங்கிக்கே திருப்பி அனுப்புகிறது. திருப்பி அனுப்பும் பம்ப்தான் இரண்டில் பெரியது. அதனால் இன்ஜின் ஓடுகிறவரை முன் அறையில் ஆயில் தேங்காது. டிரை சம்ப் என்று சொல்வது இதைத்தான்.

வார்ப்பிரும்பு சிலிண்டர், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்து, 1955-ல் உருவான மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டின் வழியே திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்த இன்ஜின். ரெட்டிச் ஆலையை மூடிய பிறகும் இங்கே அது பல பத்தாண்டுகள் செய்யப்பட்டது. 2009-ல் கிளாசிக் வந்தபோது அதிலிருந்த புது இன்ஜினில் இந்த ஏற்பாடு கிடையாது. ஆயில் எல்லாம் அடியிலேயே கிடக்கும். ஆகவே இந்தக் குறிப்புகளில் பாதி, இன்றைய புல்லட் வைத்திருப்பவருக்கு உதவாது.

*

வண்டி சில வாரம் நின்றால் வருகிற கோளாறு இது. கிக்கரை மிதித்தால் கால் இறங்க மாட்டேன் என்கிறது. கம்ப்ரஷன் தடுப்பது போல இல்லை. டீகம்ப்ரஸரை அழுத்தி, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வருகிறவரை மெல்லத் தள்ளி, கம்ப்ரஷனைத் தாண்டிய பிறகும் கனக்கிறது. ஸ்டார்ட் ஆனதும் சைலன்ஸரிலிருந்து நீலப் புகை. எதிர்வீட்டு மாடிவரை. பிரீதர் குழாயின் வாயிலிருந்து ஆயில் துப்பித் துப்பி விழுகிறது. அணைத்துவிட்டு டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் கீழ்க்கோட்டுக்கும் கீழே.

இந்த இடத்தில் யாருக்கும் கை ஆயில் டப்பாவுக்குத்தான் போகும். குறைந்திருக்கிறது, ஊற்று. எங்கள் பக்கத்து மெக்கானிக் அண்ணன் டப்பாவை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “ஊத்தாதீங்க சார். ஆயில் எங்கேயும் போகல. உள்ளேயே இடம் மாறி உக்காந்திருக்கு. மொதல்ல கொஞ்ச நேரம் ஓட விடுங்க, அப்புறம் குச்சியப் பாருங்க.”

ஓடவிட்டுப் பார்த்தால், மட்டம் மேல்கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தது.

இந்த இன்ஜின் கொள்வதே 2.25 லிட்டர்தான். முன் அறைக்கு வடிந்துவிட்ட ஆயிலைக் காணாமல் போனதாக எண்ணி ஊற்றினால், ஓட ஆரம்பித்ததும் பழையது டாங்கிக்குத் திரும்பும். புதியதும் அங்கே இருக்கும். இடம் போதாத ஆயில் பிரீதர் வழியாக வெளியே வரும். அதைப் பார்த்தவர் கேஸ்கெட் போய்விட்டது என்பார், ரிங்கு போய்விட்டது என்பார். தேவையில்லாத போரிங் வேலைகள் எத்தனை இப்படித் தொடங்கியிருக்குமோ. டிப்ஸ்டிக் பொய் சொல்வதில்லை; டாங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. இன்ஜினில் எவ்வளவு என்று நாம்தான் படித்துக்கொள்கிறோம்.

*

புகையைப் பற்றி.

கறுப்புப் புகை ஆயில் விவகாரமே அல்ல, பெட்ரோல் அதிகம். கார்ப்பரேட்டர் பக்கம் போக வேண்டும். குளிர்காலையில் வந்து சற்று நேரத்தில் மறைகிற வெண்மை, சைலன்ஸரில் தங்கிய ஈரம். நீலம்தான் ஆயில். ஆனால் நீலமா என்பதோடு நிறுத்தினால் பாதிதான் தெரியும். எப்போது நீலம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வேகம் கூட்டும்போது, மேட்டில் ஏறும்போது புகைந்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் தேய்மானத்தைச் சந்தேகிக்கலாம். இறக்கத்தில் திராட்டிலை முழுக்க மூடி, கியரிலேயே இறங்கிவிட்டு, கீழே வந்து மறுபடி முறுக்கும்போது ஒரு கொத்துப் புகை வந்தால் வால்வ் கைடு. திராட்டில் மூடியிருக்கையில் இன்லெட் பாதையில் வெற்றிடம் கூடும். தேய்ந்த கைடு வழியாக ராக்கர் பக்கத்து ஆயிலை அது உள்ளே இழுக்கும். இதை நேராகக் காண ஏற்காடு போன்ற கொண்டை ஊசி மலைப்பாதை வேண்டும். பின்னால் இன்னொரு வண்டியில் வருகிற நண்பரும் வேண்டும். ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தன் புகை தெரியாது.

நின்ற வண்டியை எடுத்ததும் மட்டும் புகைந்து, நாலு தெரு தாண்டுவதற்குள் சுத்தமாகி, அன்று முழுக்க மறுபடி வராவிட்டால்? ரிங்கைக் குறை சொல்ல முடியாது. தேய்ந்த ரிங் மதியத்துக்குள் குணமாவதில்லை. கைடு வழியாக ராத்திரியில் வடிந்த ஆயில் என்றால் ஒரு கொத்தோடு முடிந்துவிடும், தெருவை மூடாது. கிக்கரின் கனத்தையும், பிரீதரின் துப்பலையும், ஓடிய பிறகு ஏறிய ஆயில் மட்டத்தையும் இதோடு சேர்த்தால் ஒரே பதில்தான் மிச்சம்: நிற்கும்போது டாங்கியிலிருந்து முன் அறைக்கு ஆயில் இறங்குகிறது. வெட் சம்பிங்.

*

ஆனாலும் இன்னொரு வாசலையும் அடைத்துவிட்டுப் போவது நல்லது. பெட்ரோல் டேப்பை மூடாமல் விட்டு, கார்ப்பரேட்டரின் ஃப்ளோட் ஊசியும் சரியாக உட்காராவிட்டால், பெட்ரோல் சிலிண்டருக்குள் வடிந்து ரிங்குகளைத் தாண்டி முன் அறைக்கு வரும். அப்போதும் கிக்கர் கனக்கலாம், பிரீதர் துப்பலாம். டிப்ஸ்டிக் மட்டும் ஓடிய பிறகு கூடுதலாகக் காட்டும்.

இதற்கு விரல் போதும். ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பது. வழவழப்பு போய்ச் சட்டென்று வறண்டால் பெட்ரோல் கலந்திருக்கிறது; முகர்ந்தாலும் தெரியும். நறநறவென்றால் மண். பிறகு இன்னொரு சொட்டைச் செய்தித்தாளின் அச்சில்லாத ஓரத்தில் விட்டு, அரைமணி நேரம் கழித்துப் பார்ப்பது. நடுவில் கரிய வட்டம், அதைச் சுற்றி மங்கிய பழுப்பு. பெட்ரோல் கலந்த ஆயிலுக்கு வெளியே இன்னொரு வெளிறிய வளையம் நெடுந்தூரம் ஓடும். நடுவட்டம் தார் போல அசையாமல் நின்றுவிட்டால், அந்த ஆயில் காலாவதி.

டிரெயின் நட்டைக் கழற்றும்போது அதன் நுனியில் ஒட்டியிருக்கும் சேற்றையும் காந்தத்தால் தொட்டுப் பார்க்கலாம். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. ஒட்டாமல் வெள்ளியாக மின்னினால் அலுமினியம், பிஸ்டனிலிருந்து வந்திருக்கலாம். பொன்நிறத் துகள் என்றால் ஏதோ ஒரு புஷ். கொஞ்சம் நுண்பொடி எல்லா இன்ஜினிலும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். நகத்தில் தட்டுப்படுகிற செதில் வந்தால் வண்டியை ஓட்டக் கூடாது.

இந்த வண்டியில் காந்தத்துக்குச் சாம்பல் பசைதான் கிடைத்தது. விரலுக்குப் பெட்ரோல் தட்டவில்லை.

*

சந்தேகத்தை அளவாக மாற்ற ஒரு எளிய வழி உண்டு. டாங்கிக்கும் முன் அறைக்கும் அடியில் தனித்தனி டிரெயின் நட்டுகள் இருக்கின்றன. நன்றாக ஓட்டிச் சூடாக்கி, அணைத்த உடனே முன் அறையை மட்டும் திறந்து, வடிவதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் கோடு போட வேண்டும். அது திருப்பும் பம்பின் யோக்கியதை. உடனேயே நிறைய வடிந்தால் அந்தப் பம்ப்தான் இழுக்கவில்லை. வடித்ததை டாங்கியில் ஊற்றிவிட்டு, மறுபடி ஓட்டிச் சூடாக்கி, ஒரு ராத்திரி நிறுத்திவைத்துத் திறப்பது இரண்டாம் கோடு. வாரம் கழித்து மூன்றாவது.

முதல் கோடு பாட்டிலின் அடியிலேயே நின்றது. இரண்டாவது கொஞ்சம் ஏறியது. மூன்றாவதில் பாட்டிலை மாற்ற வேண்டியதாயிற்று.

திருப்பும் பம்ப் நன்றாக இருக்கிறது. கொடுக்கும் பம்ப் நிற்கும்போதும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இப்படிக் காத்திருந்து அளப்பது பலருக்குப் பிடிப்பதில்லை. இதற்குள் இன்ஜினையே பிரித்துப் போட்டிருக்கலாமே என்பார்கள். பிரித்திருக்கலாம். பிரித்த பிறகு எதைத் தேடுவது என்று தெரிந்திருக்காது. மேஜைமேல் கிடக்கும் ஐம்பது பாகங்களில் தேய்மானம் இல்லாத பாகம் எது? எல்லாம்தான் கொஞ்சம் தேய்ந்திருக்கும். ஓடாத இன்ஜினில் எதை வேண்டுமானாலும் குற்றம் சொல்லலாம்.

*

வலப்பக்க டைமிங் கவருக்குள் இருக்கிறது பம்ப். பம்ப் என்றால் பல் சக்கரமோ வால்வோ குண்டோ எதுவும் இல்லை. ஒரு தட்டையான வட்டத் தகடு. அதன் குறுக்கே ஒரு துளை, துளைக்குள் ஒரு சிறு பிளஞ்சர். கிராங்க்கின் நுனியில் இருக்கும் வார்ம் ஒரு தண்டை மெதுவாகச் சுற்றுகிறது. தண்டின் முனையில் மையம் விலகிய ஒரு ஊசி. ஊசி சுற்றச் சுற்ற பிளஞ்சர் உள்ளே போய் வெளியே வரும். அதே அசைவில் தகடும் இடமும் வலமுமாக ஆடும். இடம் ஆடும்போது ஒரு துவாரம் திறந்து ஆயிலை இழுக்கிறது, வலம் ஆடும்போது இன்னொரு துவாரத்தில் தள்ளுகிறது. தகட்டின் முதுகில் ஒரு ஸ்பிரிங். அது தகட்டை இருக்கையோடு அழுத்திவைத்திருக்கிறது, அவ்வளவுதான் அடைப்பு. இவ்வளவு குறைந்த சாமான்களில் இவ்வளவு வேலையை வாங்கிய மூளையை எத்தனை முறை மெச்சினாலும் தகும்.

குறையும் இதே இடத்தில்தான். டாங்கியின் ஆயில் மட்டம் பம்பைவிட உயரம். தகட்டுக்கும் இருக்கைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று போதும். வரப்பில் நண்டு வளை இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக மேல்வயல் தண்ணீர் கீழ்வயலுக்குப் போய்விடுவதைப் போல, ஆயில் சத்தமில்லாமல் இறங்கிவிடும். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை நிற்காது.

புல்லட்டுக்கு மட்டும் உரிய நோய் என்று நினைக்க வேண்டாம். நார்ட்டன் கமாண்டோக்காரர்கள் இதைப் பற்றித் தலைமுறையாகப் புலம்புகிறார்கள். அந்த வண்டிகளில் டாங்கி தனி, ரப்பர் குழாய் வெளியே தெரியும். குழாயில் ஒரு டேப் வைத்து, நிறுத்தும்போது மூடிவிடுகிறவர்கள் உண்டு. ஒருநாள் திறக்க மறந்தால் பிக் எண்ட் எரிந்துபோகும். புல்லட்டில் வெளியே குழாயே இல்லாததால் அந்தப் புத்திசாலித்தனத்துக்கு இடமில்லை. அதுவும் நல்லதுதான்.

*

பம்பின் சிறுமூடியைக் கழற்றினால் ஸ்பிரிங், அதன் கீழே தகடு. திருகுகளைச் சமமாகத் தளர்த்த வேண்டும், ஸ்பிரிங் தள்ளும். தகட்டை எடுத்து மண்ணெண்ணெயில் அலசி, துணியில் ஒற்றி, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். நேராகப் பார்த்தால் குறையில்லாத தகடு. சாய்த்தால்தான் தெரிந்தது. துவாரத்துக்குத் துவாரம் வில்லாக வளைந்த மெல்லிய கோடுகள், தகடு ஆடுகிற அதே வளைவில். என்றோ ஆயிலோடு வந்த மண்துகள், ஆடிய தகட்டின் அடியில் மாட்டிக்கொண்டு போட்ட கோலம். நகத்துக்குக்கூடத் தட்டுப்படவில்லை. ஆயிலுக்கு அது ராஜபாட்டை.

இதற்குப் புதுச் சாமான் வேண்டியதில்லை. மிக நைசான வால்வ் கிரைண்டிங் பேஸ்ட். முடிவில் பித்தளைச் சாமான் துலக்கும் பிராஸ்ஸோ. தகட்டின் முகத்தில் கடுகளவு பேஸ்ட் தடவி, அதன் இருக்கையிலேயே வைத்து, விரல் நுனியால் அரை வட்டம் அப்படி, அரை வட்டம் இப்படி. அழுத்தக் கூடாது. அழுத்தினால் ஒரு பக்கம் பள்ளமாகும். முதலில் கரகரவென்று ஒரு சத்தம் வரும். பேஸ்ட் உடைந்து நைசாகும்போது சத்தம் மெலியும். விரலுக்கே அந்த மாறுதல் தெரியும். துடைத்துப் பார்ப்பது, மறுபடி கடுகளவு, மறுபடி அரை வட்டம். சரியாகிவிட்டதா என்று பார்க்க, மார்க்கர் பேனாவால் தகட்டின் முகத்தில் கோடுகள் கிழித்து, பேஸ்ட் இல்லாமல் இரண்டு முறை ஆட்டினால் போதும். மை எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே இன்னும் தொடவில்லை. கடைசியில் முகம் முழுக்க ஒரே சாம்பல் மங்கலாக வரவேண்டும். பளபளப்பைத் தேடுகிறவர்கள் இங்கே ஏமாறுவார்கள். மேட்டில் மட்டும் உராய்ந்த இடம்தான் பளபளக்கும்.

அதன் பிறகு கழுவுவது. தேய்த்ததைவிடக் கழுவியதற்கு அதிக நேரம். பேஸ்ட் என்பது மணல். ஒரு துளி பாதைக்குள் தங்கினாலும் நேரே பிக் எண்டுக்குப் போகும். மண்ணெண்ணெய், பிறகு பெட்ரோல், பிறகு காற்று. வெள்ளைத் துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே வரும்வரை.

மூடும் முன் ஸ்பிரிங்கைச் சோதிக்க வேண்டும். மூடியைச் சும்மா வைத்தால், ஸ்பிரிங் அதைச் சற்றுத் தூக்கிப் பிடிக்க வேண்டும். படிந்து உட்கார்ந்துவிட்டால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். சென்னையில் ஜி.பி. ரோட்டில் தேடினால் கிடைக்கும். டைமிங் கவரையும் எடுக்கிறவர்கள், ஃபீட் ஆயில் கிராங்க்குக்குள் நுழையும் இடத்தில் இருக்கிற கார்க் சீலைக் கட்டாயம் மாற்ற வேண்டும். அது சுருங்கியிருந்தால் பிக் எண்டுக்குப் போக வேண்டியது பாதி வழியிலேயே கசிந்துவிடும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. வார்ம் நட் இடது மரை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கேஸ்கெட்டுக்கு சிலிக்கான் பேஸ்ட் வேண்டாம். வெளியே பிதுங்குவது அழகுக்குறைவு மட்டும்தான். அதே அளவு உள்ளேயும் பிதுங்கும், பிய்ந்து ஆயில் பாதையில் போய் அடைக்கும். காகித கேஸ்கெட், இரு பக்கமும் ஒரு விரல் கிரீஸ்.

*

மூடியவுடன் ஸ்டார்ட் செய்யக் கூடாது. பாதைகளில் இப்போது காற்றுதான் இருக்கிறது. ஃபில்டர் அறையில் ஆயில் நிரப்பி, பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை நிதானமாக மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து, ஐடிலில் விட்டு, ராக்கருக்குப் போகும் குழாயின் பான்ஜோ போல்ட்டை ஒரு சுற்றுத் தளர்த்திப் பார்ப்பது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு நுரை. பிறகு துடித்துத் துடித்து ஆயில். ராக்கருக்குப் போவது திருப்பும் பம்பிலிருந்து என்பதால், கொடுத்த ஆயில் பிக் எண்டைச் சுற்றி வந்துவிட்டது என்பதற்கும் அது ஓரளவு சாட்சி.

வாரம் கழித்து முன் அறையைத் திறந்து பாட்டிலில் பிடித்தேன். இரண்டாம் கோட்டுக்கும் கீழே. முழுக்க நின்றுவிடவில்லை. உலோகத்தோடு உலோகம் மட்டும் அமர்ந்த அடைப்பு இவ்வளவுதான் தரும். 20டபிள்யூ-50 ஆயில் போட்டு, வாரத்துக்கு ஒருமுறை ஓட்டினால் புகை கிடையாது. வடித்த பழைய ஆயிலை மெக்கானிக் அண்ணனின் டிரம்மில் சேர்த்தேன். சென்ட்ரிங் பலகைக்குப் பூச வாங்கிப் போக ஆள் வருவார்களாம்.

*

வெளிக்கசிவைப் பற்றியும் எழுதிவைக்க வேண்டும். ஒழுகவில்லை என்றால் உள்ளே ஆயில் தீர்ந்துவிட்டது என்று பொருள் என புல்லட்காரர்கள் ஒரு நகைச்சுவை சொல்வார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. சோம்பலுக்குப் போட்ட மாலை.

சொட்டுகிற இடம் கசிகிற இடமல்ல. ஓடும் வண்டியில் காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும், எடை கீழே இழுக்கும். கியர் பாக்ஸ் அடியில் சொட்டுவது ராக்கர் மூடியில் தொடங்கியிருக்கலாம். டீசல் போட்டுக் கழுவி, காயவிட்டு, முகப் பவுடரை இன்ஜின் முழுக்கத் தூவிக் கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டினால், ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்று தெரியும். அதிக தூரம் ஓட்டினால் எல்லாம் குழம்பிவிடும். ஒரே நேரத்தில் நாலைந்து மூட்டுகளில் கசிந்தால் எந்த கேஸ்கெட்டையும் தொட வேண்டாம், முதலில் பிரீதர். ஒற்றை சிலிண்டரில் பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அடியிலுள்ள காற்று வெளியேறியாக வேண்டும். பிரீதரின் ரப்பர் வால்வு விறைத்துப்போனால் அந்த அழுத்தம் கிடைத்த மூட்டில் எல்லாம் ஆயிலைப் பிதுக்கும். போல்ட்டை மேலும் இறுக்கினால் அலுமினிய மரைதான் போகும்.

*

இடப்பக்க பிரைமரி கேஸின் லெவல் திருகைத் திறந்தபோது, ஊற்றியதைவிட அதிகமாக வழிந்தது, நிறமும் கறுப்பு. கிராங்க் ஷாஃப்ட் சீல் வழியாக இன்ஜின் ஆயில் அங்கே போய்ச் சேர்கிறது போலும். கிளட்ச் இன்னும் வழுக்கவில்லை. சீல் வாங்கியாயிற்று; அதைப் போட ஆல்டர்னேட்டர், கிளட்ச் இரண்டையும் இறக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் முடித்தால் நல்லது. மெக்கானிக் அண்ணனிடம் கிளட்ச் புல்லர் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.